பிச்சைக்குப் போன பாட்டு

கவிதை எழுதுவதற்கென்றே திருவண்ணாமலைக்கு பஸ் ஏறி வருகிறவர்கள் உண்டு. ரமணாசிரமத்துக்குப் பின்பக்கம் தொடங்கும் பாதையில் ஏறி, கந்தாசிரமத்துக்குப் போகும் வழியில் ஒரு பாறையில் உட்கார்ந்து, கீழே பெரிய கோயிலின் கோபுரங்களைப் பார்த்தபடி நோட்டைத் திறப்பார்கள். அப்படி எழுதும் முதல் கவிதையில் நான்கு சொற்கள் தப்பாமல் வந்து உட்கார்ந்துகொள்ளும்: மலை, மௌனம், ஒளி, ஆன்மா. எழுதியவர் சென்னையிலிருந்து வந்திருந்தாலும் சேலத்திலிருந்து வந்திருந்தாலும் கவிதை ஒன்றேதான். அந்தப் பாறையிலிருந்து தெரியும் காட்சி அழகானது, மறுக்கவில்லை. அதைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இந்த அத்தியாயம் முடியும்வரை மேற்படி நான்கு சொற்களுக்கும் லீவு.

நோட்டு எப்படி வைத்துக்கொள்வது என்று சென்ற அத்தியாயத்தில் பார்த்தோம். அதில் எழுத விஷயம் எங்கே கிடைக்கும், எழுதியதை யாரிடம் கொடுப்பது என்பவற்றை இப்போது ஒரே ஊரை வைத்துப் பார்க்கலாம். ரமணாசிரமம் பகுதியை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. இங்கே பிறந்த பாட்டுகள் எப்படிப் பிறந்தன என்பதை அவற்றை எழுதிய ரமண மகரிஷியே பிற்காலத்தில் பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறார். கூட இருந்தவர்கள் தேதி போட்டுக் குறித்துவைத்திருக்கிறார்கள். அந்தக் குறிப்புகளைப் படித்தால், பரவசத்தைவிடத் தேவைக்கே அதில் பங்கு பெரிது என்று தெரியும். யாருக்கோ சோறு வேண்டியிருந்தது. யாருக்கோ அப்பளம் இட ஒரு ஆள் வேண்டியிருந்தது. யாரோ ஒருவர் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தார்.

சோற்றிலிருந்து தொடங்கலாம்.

ரமணர் 1896 செப்டம்பர் 1 அன்று இந்த ஊருக்கு வந்தார். 1899 முதல் 1916 வரை மலைமேல் விருபாட்சி குகையில் இருந்தார். கூட இருந்த அடியார்கள் ஊருக்குள் போய்ப் பிச்சை வாங்கி வருவார்கள். வந்ததை எல்லோரும் பகிர்ந்து சாப்பிடுவார்கள். கிளம்பும்போது மேலே ஒரு தரம் சங்கு ஊதுவார்கள், அடிவாரத்தில் ஒரு தரம், தெருமுனையில் ஒரு தரம். சத்தம் கேட்டதும் வீட்டுக்காரர்கள் சோற்றோடு வாசலுக்கு வந்து நிற்பார்கள். தெருவில் நடக்கும்போது ஆதிசங்கரர் பெயரில் வழங்கும் ஒரு சிவ தோத்திரத்தைப் பாடிக்கொண்டு போவது வழக்கம். கொஞ்ச நாளில் வேறு சில சாமியார்களும் விவரம் தெரிந்துகொண்டார்கள். அதே தோத்திரத்தைப் பாடிக்கொண்டு முன்னால் போனால் போதும், ரமணரின் ஆட்கள் என்று நினைத்து ஜனங்கள் போட்டுவிடுவார்கள். ரமணரின் அடியார்கள் போய்ச் சேரும்போது பானை காலி. ஆகவே அடியார் பழனிசாமி முதலானோர் ரமணரிடம் வந்து, நமக்கென்று தனியாக ஒரு பாட்டு இருந்தால் நல்லது என்றார்கள்.

தேவாரமும் திருவாசகமும் இருக்கும்போது புதிதாக எதற்கு என்று அவர் முதலில் தட்டிக்கழித்தார். பிறகு, கிரிவலம் போகும் வழியில் கண்ணி கண்ணியாக வந்தது. 1914 வாக்கில் உருவான அந்த 108 கண்ணிகள்தான் அருணாசல அட்சரமணமாலை.

பக்தி இலக்கியமாக அதைப் படிக்க நிறைய நூல்கள் உண்டு. நாம் எழுதுகிறவர்களின் கண்ணால் பார்ப்போம். இந்தப் பாட்டு நடந்துகொண்டே பாட வேண்டியது. பாடுகிறவர்கள் வித்துவான்கள் இல்லை, பசியோடு இருக்கும் நாலைந்து பேர். கேட்கிறவர் கையில் சோற்றுக் கரண்டியோடு நிற்கும் ஒரு வீட்டுப் பெண்மணி. கண்ணி ஒவ்வொன்றும் சின்னது, எந்த வாசலில் நிறுத்தினாலும் அங்கே பொருள் முடிந்திருக்கும். கண்ணிதோறும் மலையின் பெயர் திரும்ப வருகிறது, பின்பாட்டுக்காரர்கள் சேர்ந்துகொள்ளலாம். அகர வரிசையில் போவதால் அடுத்து என்ன என்று தடுமாற வேண்டாம். இத்தனை வசதிகளும் தெருவின் தேவையிலிருந்து வந்தவை. 1950 ஏப்ரல் 14 இரவு ரமணர் உயிர் பிரியும் நேரத்தில் அவர் இருந்த அறைக்கு வெளியே அடியார்கள் பாடியதும் இதே பாட்டைத்தான். கார்த்திகை தீபம் ஏற்றப்படும்போது ஆசிரமத்தில் இன்றும் இதைத்தான் பாடுகிறார்கள். பிச்சைக்குப் போன பாட்டு அவ்வளவு தூரம் போயிருக்கிறது.

பயிற்சி இதுதான். எழுத உட்காரும் முன் ஒரு வரியில் பதில் எழுதுங்கள்: இந்தக் கவிதை எங்கே, யார் வாயால், யார் காதுக்குச் சொல்லப்படப்போகிறது? தங்கையின் வளைகாப்பில் வாசிக்கவா, பக்கத்து வீட்டுப் பாட்டியின் பதினாறாம் நாளுக்கா, மகனைத் தூங்கவைக்கவா, டீக்கடைச் சுவரில் ஒட்டவா? இடம் முடிவானால் நீளம் முடிவாகிவிடும், சொல்லும் பாதி முடிவாகிவிடும். அதன்பின் அகர வரிசையைக் கடன் வாங்குங்கள், அதற்கு யாருக்கும் உரிமைத்தொகை கிடையாது. செங்கம் சாலையில் அக்னி லிங்கத்திலிருந்து ஆசிரம வாசல்வரை நடங்கள். அ முதல் ஔ வரை பன்னிரண்டு எழுத்து, எழுத்துக்கு இரண்டு அடி, ஒவ்வொன்றிலும் வழியில் கண்ணில் பட்ட ஒரு பொருள். ‘ஔ’வுக்கு வரும்போது எல்லோரும் திணறுவார்கள். திணறட்டும். ஔவையாரைக் கூப்பிடாமல் சமாளிக்க முடிகிறதா என்று பாருங்கள்.

அடுத்து அப்பளம். என்னைக் கேட்டால், கவிதை எழுதக் கற்றுக்கொள்கிறவர் ரமணரின் பாடல்களில் முதலில் படிக்க வேண்டியது அப்பளப் பாட்டைத்தான். அது பிறந்த கதையும் பாட்டுக்குக் குறைந்ததில்லை.

மலைமேல் இருந்த காலத்தில் அவருடைய தாயார் அழகம்மாள் கூட வந்து தங்கினார். மகனுக்கு அப்பளம் பிடிக்கும் என்று ஒரு நாள் சாமான்களைச் சேகரித்துக்கொண்டு வந்து, நூற்றுக்கணக்கில் இட வேண்டும், கொஞ்சம் கைகொடு என்று மகனைக் கூப்பிட்டார். எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தபின் அப்பளம் எதற்கு, நான் வரமாட்டேன் என்றார் மகன். அம்மா விடவில்லை. அப்படியானால் நீ அந்த அப்பளத்தை இடு, நான் இன்னொரு அப்பளம் இடுகிறேன் என்று சொல்லி, அம்மா மாவு பிசைந்து இட்டு முடிப்பதற்குள் மகன் பாட்டைக் கட்டி முடித்தார். அம்மாவுக்கு ஏற்கெனவே அரிசிப் பாட்டு, குழம்புப் பாட்டு என்று வேதாந்தப் பொருள் வைத்த சமையல் பாட்டுகள் பழக்கம். அந்த வரிசையில் இதுவும் ஒன்று. ஆகவே வடிவம்கூட அம்மாவுடைய அடுக்களையிலிருந்து வந்ததே.

அப்பளம் இடுகிறதைக் கிட்டத்தில் பார்த்திருக்கிறீர்களா? உளுந்தை உடைத்துத் திரித்து மாவாக்க வேண்டும். பிரண்டையை நசுக்கிச் சாறு எடுக்க வேண்டும். அதைத் தொட்ட கை அரிக்கும், அதற்காக முதலிலேயே எண்ணெய் தடவிக்கொள்வார்கள். உப்பு, மிளகு, சீரகம், பெருங்காயம். பிசைந்த மாவு இரும்பாட்டம் இருக்கும். உரலில் போட்டு உலக்கையால் இடித்தால்தான் இளகும். பிறகு உருட்டி, பலகையில் வைத்து, குழவியால் ஓரம் சமமாக வரும்படி தேய்த்து, உலர்த்தி, கடைசியில் நெய்யில் பொரிக்க வேண்டும். பாட்டில் இந்த வரிசை குலையாமல் இருக்கிறது. அகந்தைதான் உளுந்து, விசாரம்தான் அதைத் திரிக்கும் இயந்திரம், நல்லோர் இணக்கம் பிரண்டைச் சாறு, மனவடக்கம் சீரகம், புலனடக்கம் மிளகு. நெஞ்சுதான் உரல், உள்முகமாகத் திரும்பிய மனம் உலக்கை. ஒவ்வொரு தத்துவத்துக்கும் ஒரு சாமான், ஒவ்வொரு சாமானும் சமையல்காரி போடுகிற இடத்தில். பெருங்காயத்தை முதலில் போட்டுவிட்டு உளுந்தைப் பிறகு உடைக்கும் குளறுபடி அங்கே இல்லை. அப்பளம் இடத் தெரியாதவர் இதை எழுதியிருக்க முடியாது. பிற்காலத்தில் ஆசிரம அடுக்களையில் விடியும் முன்பே உட்கார்ந்து காய் நறுக்கியவர் அவர். கைவேலை தெரிந்த கவிஞர்.

நம் கவிதைகளில் உவமை சரியாக உட்காராததற்குப் பெரும்பாலும் காரணம், உவமைக்கு எடுத்த பொருளை நாம் ஒழுங்காகப் பார்க்காததுதான். நெசவு, உழவு, கடல் என்று எழுதுகிறோம். தறியில் பாவு எது, ஊடை எது என்று கேட்டால் முழிக்கிறோம். ஆகவே பயிற்சிக்கு உங்கள் வீட்டில் தினமும் நடக்கும் ஒரு வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். இட்லி மாவு அரைப்பது, பூ கட்டுவது, சைக்கிள் பங்ச்சர் ஒட்டுவது, எதுவானாலும் சரி. செய்கிறவர் பக்கத்தில் உட்கார்ந்து, என்ன செய்கிறார் என்பதை வரிசையாக எழுதுங்கள், உரைநடையில், அழகுபடுத்தாமல். எந்தச் சாமானுக்கு அவர் என்ன பெயர் சொல்கிறாரோ அதையே எழுதுங்கள். தெரியாவிட்டால் கேளுங்கள், வேலை செய்கிறவருக்குத் தன் கருவியின் பெயரைச் சொல்வதில் ஒரு சந்தோஷம் உண்டு. இந்தக் குறிப்பு ஒரு பக்கம் நிறைந்தபிறகு, உங்கள் மனதில் அரித்துக்கொண்டிருக்கும் வேறொரு விஷயத்தை, அண்ணன் தம்பி சண்டையையோ வேலை போன கவலையையோ, அந்த வரிசைமேல் ஏற்றிப் பாருங்கள். எங்கே பொருந்தவில்லையோ அங்கேதான் கவிதை இருக்கும். பங்ச்சர் ஒட்டுகிறவர் டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி எங்கே வருகிறது என்று பார்க்கிறாரே, அண்ணன் தம்பி சண்டையில் அந்தத் தண்ணீர்த் தொட்டி எது?

ஆசிரமப் பக்கத்தில் இப்படிப் பார்க்க இடம் தேட வேண்டியதில்லை. வாசலில் பூ விற்கிறவர்களைப் பாருங்கள். முழங்கையிலிருந்து நடுவிரல் நுனிவரை ஒரு முழம். அம்மா சாப்பிடப் போனால் மகள் உட்கார்ந்து அளப்பாள். அங்கே ஒரு சின்னத் தகராறு நடக்கும். அதை அப்படியே எடுத்து எழுதினால்:

அம்மா அளந்தால் ஒரு முழம்.
மகள் அளந்தால்
‘பாப்பா கை சின்னது’ என்று
இன்னும் இரண்டு விரற்கடை கேட்கிறார்கள்.

இதில் பெரிய தத்துவம் எதுவும் இல்லை. ஆனால் பார்க்காமல் எழுதியிருக்க முடியாது என்பது படிக்கிறவருக்குத் தெரியும். அந்த நம்பிக்கையைச் சம்பாதித்துவிட்டால் நாலாவது கவிதையில் நீங்கள் தத்துவம் சொன்னாலும் பொறுத்துக்கொள்வார்கள்.

மூன்றாவது வழி, பேச வாயில்லாததைப் பேசவைப்பது. இதற்கும் உதாரணம் சாப்பாட்டிலிருந்துதான். ஔவையார் பெயரில் வயிற்றைத் திட்டும் வெண்பா ஒன்று உண்டு: ஒரு நாள் சும்மா இரு என்றால் கேட்பதில்லை, இரண்டு நாளுக்குச் சேர்த்து வாங்கிக்கொள் என்றாலும் கேட்பதில்லை, உன்னோடு வாழ்வது பெரும்பாடு என்கிற புகார். 1931 சித்திரா பௌர்ணமி அன்று ஆசிரமத்தில் விருந்து. எல்லோரும் மூக்குப் பிடிக்கச் சாப்பிட்டுவிட்டு உட்கார முடியாமல் உட்கார்ந்திருந்தபோது, அடியார் ஒருவர் இந்த வெண்பாவைச் சொன்னார். ரமணர் கேட்டுவிட்டு, வயிறு பேசுகிற மாதிரி ஒரு பதில் வெண்பா கட்டினார். எனக்கு ஒரு நாழிகை ஓய்வு தருகிறாயா, என் கஷ்டம் உனக்குத் தெரிகிறதா, உன்னோடு வாழ்வதுதான் பெரும்பாடு என்று வயிறு உயிரைத் திருப்பிக் கேட்கிறது. ஔவையாருடைய வண்டியிலேயே ஏறி எதிர்த்திசையில் ஓட்டியிருக்கிறார். விருந்து முடிந்த மயக்கத்தில் எழுந்த சிரிப்பு; ஆனால் குற்றவாளிக் கூண்டில் யார் நிற்க வேண்டும் என்பதை அது மாற்றிவிட்டது.

இதைச் செய்து பார்க்க மிக எளிய இடம் செருப்பு விடும் இடம். செருப்புகளை வைத்து எழுதிப் பார்த்தது:

‘நான் இந்த உடம்பல்ல’ என்று
உள்ளே கண்மூடி உட்கார்ந்திருக்கிறார்.
வெளியே எங்களை
ஜோடி பிரித்துத் தூரத் தூரமாய் விட்டிருக்கிறார்
யாரும் மாட்டிக்கொண்டு போய்விடக் கூடாதென்று.

கோயிலுக்குப் போகும் எல்லோருக்கும் இந்தத் தந்திரம் தெரியும். செருப்பு பேசினால்தான் அது கவிதையாகிறது. நாம் சொன்னால் வெறும் நையாண்டி. எதைப் பேசவைத்தாலும் ஒரு நிபந்தனை: அதற்கு ஒரு நியாயமான குறை இருக்க வேண்டும். குறையில்லாத பொருள் பேச ஆரம்பித்தால் பள்ளி ஆண்டுமலரில் வரும் ‘நான் ஒரு பேனா’ ஆகிவிடும்.

காது பற்றி ஒரு வார்த்தை. ஆசிரம வாசலில் ஓடும் சாலை மேற்கே முப்பத்தைந்து கிலோமீட்டர் அளவில் செங்கத்துக்குப் போகிறது. பத்துப்பாட்டில் ஒன்றான மலைபடுகடாம் பாடும் நன்னனின் ஊர் அதுதான் என்பார்கள். பெருங்கௌசிகனார் பாடிய 583 அடிகள். அதில் ஒரு நீண்ட பகுதி முழுக்க மலையில் கேட்கும் ஓசைகள்: அருவியில் ஆடும் பெண்களின் சத்தம், முள்ளம்பன்றி குத்திய வேட்டுவனின் அழுகை, புலி கீறிய புண் ஆறுவதற்காக மனைவி பாடும் பாட்டு, வேங்கைப் பூப் பறிக்கப் போனவர்களின் கூச்சல், தினை குற்றுகிறவர்களின் உலக்கைப் பாட்டு. மலை எப்படி இருந்தது என்று சொல்வதைவிட மலையில் என்ன கேட்டது என்று சொல்கிறார். யானையின் மதநீர் போல மலையிலிருந்து ஓசை வழிகிறது என்பது அவர் கற்பனை. இரண்டாயிரம் ஆண்டுக்குக் கொஞ்சம் குறைவான இந்த முறை இன்றும் வேலை செய்கிறது. ஆசிரமத்து இலுப்பை மரத்தடியில் அரைமணி நேரம் உட்கார்ந்து காதில் விழுவதை மட்டும் எழுதுங்கள். மயில் அகவுவது எல்லோருக்கும் கேட்கும். தகரக் கூரைமேல் குரங்கு குதிப்பது, பெங்களூரு பஸ்ஸின் ஏர் ஹாரன், வேதம் சொல்லும் பையன்களில் ஒருவன் மட்டும் அரை மாத்திரை பிந்துவது, அடுக்களையில் அண்டாவின் அடியைக் கரண்டி சுரண்டுவது, இவையெல்லாம் கேட்பதற்குக் கொஞ்ச நேரம் பிடிக்கும். பௌர்ணமி இரவில் மட்டும் இந்தப் பயிற்சி வேண்டாம். கிரிவலக் கூட்டத்தில் பதினான்கு கிலோமீட்டருக்கும் ஒரே ஓசைதான்.

விஷயம் கிடைத்துவிட்டது, ஆனால் எழுதத் தோன்றவில்லை என்கிறவர்களுக்கு அருணாசலப் பதிகம், அட்டகம் இரண்டும் பிறந்த கதையைச் சொல்வேன். 1945-இல் ரமணரே சொன்னது, குறிப்பேட்டில் இருக்கிறது. பதிகத்தின் முதல் அடி சில நாட்கள் விடிகாலையில் தானாக வந்து நின்றதாம். அவர் கண்டுகொள்ளவில்லை. அது போகவும் இல்லை. கடைசியில் எழுதிவைத்த பிறகுதான் அடுத்தடுத்த பாட்டுகள் வந்தன. இப்படிச் சில நாட்கள் போனபின், ஒரு நாள் அவர் கிரிவலம் கிளம்பினார். பின்னாலேயே போன பழனிசாமியை ஐயாசாமி என்கிற அடியார் கூப்பிட்டு நிறுத்தி, கொஞ்ச நாளாக சுவாமி தினமும் ஏதோ எழுதுகிறார், இன்றைக்கும் வரலாம் என்று ஒரு தாளையும் பென்சிலையும் கையில் கொடுத்தனுப்பினார். அன்று வழியில் ஆறு பாட்டுகள் வந்தன. அந்தச் சமயத்தில் வேலூரிலிருந்து நாராயண ரெட்டி வந்தார். அவர் சிங்கர் தையல் மெஷின் கம்பெனியின் பிரதிநிதி. பாட்டுகளைப் பார்த்ததும் அச்சடித்துத் தருகிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டார். முதல் பதினொன்று பதிகமாயிற்று. மற்றவை வேறு யாப்பு. அவற்றை எட்டாக்க இன்னும் இரண்டை ரமணர் எழுதிச் சேர்த்தார், அட்டகமாயிற்று.

எனக்கு இந்தக் கதையில் பிடித்த ஆள் ஐயாசாமி. அவர் ஒரு அடிகூட எழுதவில்லை. இன்றைக்கு வரலாம் என்று எதிர்பார்த்தார், பென்சில் கொடுத்தார், அவ்வளவுதான். உங்களைச் சுற்றி ஒரு ஐயாசாமி இருக்கிறாரா என்று பாருங்கள். கவிதை தெரிந்தவராக இருக்க வேண்டும் என்பதில்லை. வாரம் ஒருமுறை ‘என்ன, ஏதாவது எழுதினியா?’ என்று கேட்கிற சித்தப்பா போதும். ரமணரின் அடியார் முருகனார் இந்த வேலையைப் பெரிய அளவில் செய்தார். தமிழாசிரியர், தாமே பெரும் கவி. தாம் எழுதிவந்த பாடலில் சிவபெருமான் தாருகவனத்து முனிவர்களுக்குச் செய்த உபதேசத்தைப் பாட வேண்டிய இடம் வந்ததும், இது நீங்கள்தான் எழுத வேண்டும் என்று ரமணரிடமே கொடுத்தார். 1927-இல் உபதேச உந்தியார் அப்படி வந்தது, முப்பது பாட்டு. மறு ஆண்டே அங்கங்கே உதிரியாகக் கிடந்த வெண்பாக்களைத் திரட்டி, மேலும் கேட்டு வாங்கினார். உள்ளது நாற்பது உருவானது. உதிரியை நூலாக்க ஒருவர் வேண்டும். எழுதுகிறவருக்கு அந்தக் கண் பெரும்பாலும் இருப்பதில்லை.

பகிர்வதைப் பற்றி முருகனாரிடமே இன்னொன்றும் கற்கலாம். 1923-இல் அவர் முதல்முறை வந்தபோது, பெரிய கோயிலில் உட்கார்ந்து ஒரு பதிகம் எழுதி அதைக் கையில் எடுத்துக்கொண்டு ஆசிரமத்துக்குப் போனார். ரமணர் எதிரில் நின்று வாசிக்க ஆரம்பித்ததும் தொண்டை அடைத்துக்கொண்டது. ரமணர் தாளை வாங்கித் தாமே வாசித்தார் என்று சொல்வார்கள். முதல் வாசிப்பில் குரல் நடுங்குகிறவர்கள் எல்லோரும் இந்த ஏற்பாட்டைச் செய்துகொள்ளலாம்: கவிதையை இன்னொருவர் வாயால் கேளுங்கள். உங்கள் குரலில் நீங்கள் ஒட்டுப்போட்டு மறைத்த இடமெல்லாம் மற்றவர் வாசிக்கும்போது அவிழ்ந்துவிடும். அவர் எங்கே தடுக்கினாரோ அந்த அடியில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள், விவாதம் வேண்டாம்.

கேட்டவரிடம் ‘எப்படி இருக்கு?’ என்று கேட்காதீர்கள். நல்லா இருக்கு என்பார். வேறென்ன சொல்வார் பாவம்? மறுநாள் பார்க்கும்போது, நேற்று வாசித்ததில் எது ஞாபகம் இருக்கிறது என்று கேளுங்கள். ஒரு சொல் ஞாபகம் இருந்தாலும் அந்தச் சொல்லைச் சுற்றி மறுபடி எழுதலாம். எதுவும் ஞாபகமில்லை என்றால் அதுவும் பதில்தான். பூ முழம் பற்றிய கவிதையைப் பூக்காரம்மாவிடம் வாசித்துக் காட்டாமல் பத்திரிகைக்கு அனுப்புவது முறையும் இல்லை. அவர் ‘இன்னா சார், எங்க சண்டையெல்லாம் எழுதினுகிறீங்க’ என்று சிரிக்கலாம், கோபித்துக்கொள்ளலாம். கோபித்தால் அந்தக் கவிதை உங்கள் நோட்டிலேயே இருக்கட்டும். ஆசிரம வாசலில் முற்பகலில் சாப்பாட்டுக்கு வரிசையில் உட்காரும் சாதுக்களும் அப்படித்தான். தூக்குவாளியோடு உட்கார்ந்திருப்பவரை ஞானப் பழமாகவும் எழுதிவிடுகிறார்கள், சோம்பேறியாகவும் எழுதிவிடுகிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்து எந்த ஊர் ஐயா என்று கேட்டவர் குறைவு.

கூட்டத்தில் வாசிக்க விரும்புகிறவர்களுக்கு இந்த ஊர் தோது. எழுத்தாளர் பவா செல்லதுரை தாள் எதுவும் இல்லாமல் கதை சொல்வதைக் கேட்க வெளியூர்களிலிருந்தும் வருகிறார்கள். வம்சி புக்ஸ் பதிப்பகம் இங்கிருந்துதான் நடக்கிறது. கூட்டத்துக்குப் போகும் முதல் சில தடவை வாசிக்காமல் கேட்டுவிட்டு வாருங்கள். மாலையில் ஆசிரமத்தில் நடக்கும் தமிழ்ப் பாராயணத்திலும் ஒரு நாள் உட்காருங்கள், பக்திக்காக இல்லாவிட்டாலும் தொழிலுக்காக. ஒரு அடியை எவ்வளவு மெதுவாகச் சொல்லலாம், மூச்சு எங்கே விழுகிறது, பலர் சேர்ந்து சொல்லும்போது எந்த எழுத்து தேய்கிறது என்று காது கொடுங்கள். மேடையில் பட்டாசு மாதிரி வெடித்துப் பழகியவர்களுக்கு அது நல்ல மருந்து.

அச்சு கடைசியில். ரமணர் வீணாகப் போகும் தாள்களின் வெறும் பகுதிகளைச் சேர்த்துவைத்து அவற்றில் எழுதியவர். தாமாக அச்சகம் தேடிப் போகவில்லை. நாராயண ரெட்டிதான் தேடி வந்தார். நமக்கு அப்படி ஒருவர் வரும்வரை, சிற்றிதழ் ஒன்றுக்கு மூன்று கவிதைக்கு மேல் ஒரே உறையில் வைக்காமல், அந்த இதழின் இரண்டு பிரதிகளையாவது காசு கொடுத்து வாங்கிப் படித்துவிட்டு அனுப்பலாம். பதில் வரும்வரை அகர வரிசையில் விட்டுப்போன ‘ஔ’வைப் பாருங்கள். யாராவது வந்து ஆறு இருக்கிறதே, எட்டு இருந்தால் ஒரு சின்னப் புத்தகமாகப் போட்டுவிடலாமே என்றால், யோசிக்கிறேன் என்று சொல்லாதீர்கள். அன்று மாலையே நடக்கக் கிளம்புங்கள்; சட்டைப்பையில் பென்சில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு.